அடுத்தவள் ஆக்கிய சோறு

கடற்கரைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தபோதே அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"அங்க வந்து நான் கரண்டியத் தொட மாட்டேன். யாரோ ஆக்கணும், யாரோ போடணும், நான் உக்காந்து சாப்பிடணும். சம்மதம்னா வர்றேன், இல்லன்னா நீங்க போயிட்டு வாங்க."

புருஷன் சம்மதம் என்றார். மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே சம்மதம் என்றாள். வீட்டோடு ஒட்டிக்கொண்ட நாத்தனார், "பின்ன என்ன அண்ணி, உங்களுக்கும் ரெஸ்ட் வேணாமா?" என்று கன்னத்தைக் கிள்ளாத குறையாகக் குழைந்தாள். அதையெல்லாம் நம்பித்தான் அவளும் பெட்டி கட்டினாள், பாவம்.

அவளுக்கு ஒரு பல் டாக்டரிடம் உதவியாள் வேலை. டாக்டர் குடையும்போது நோயாளியின் வாயில் குழாயை வைத்து எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அங்கே எல்லோரும் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊரார் வாய்நாற்றம், சொத்தைப் பல், சீழ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், அதோடு சரி. எச்சிலுக்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை அவள். அவளுக்குக் குமட்டுவது வேறு விஷயத்தில்.

அவள் புருஷனுக்கு இன்ஸ்பெக்டர் உத்தியோகம். போலீஸ் இல்லை, ஓட்டல் இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து, எட்டிப் பார்த்து, மோந்து பார்க்க வேண்டும். பார்த்ததை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் போதாதா? போதாது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

"இன்னிக்கு ஒரு கடையில மாவு மூட்டையப் பிரிச்சா, மாவு தானா நகருது. பூரா புழு."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொள்வார். அவருக்கு ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க எச்சிலில் கிடந்துவிட்டு வந்தவளுக்குத்தான் அந்தப் புழு தொண்டைக்குள் இறங்கும். இப்படிக் கேட்டுக் கேட்டே, கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பம் வெளியே சாப்பிட்டது கிடையாது. டாக்டரிடம் நின்று கால் கடுத்தாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, அடுப்பு அவளுடையது. அடுத்தவள் ஆக்கிய சோறு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அதைச் சாப்பிட வேண்டும். இதற்குத்தான் அவள் வந்தாள். கடலை யார் கேட்டார்கள்?

முதல் நாள் மதியம் கடலைப் பார்த்த பெரிய ஓட்டல் ஒன்றில் நுழைந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வெள்ளைத் துணி விரித்த மேஜை. அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர் வந்து குனிந்து, "என்ன சாப்பிடறீங்கம்மா?" என்றார். அவளுக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. வறுத்த மீன், சோறு, குழம்பு என்று ஆசை ஆசையாகச் சொன்னாள்.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

அந்தக் கை கழுவல் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா? கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் சமையல்கட்டின் கதவு இருக்கும். அந்தக் கதவைக் கண்டால் அவருடைய கால் சும்மா இருக்காது. கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வந்தார். நடக்கும்போதே முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் திருப்தியைப் பார்த்ததுமே மீன் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்திரிங்க எல்லாரும்."

"ஏங்க, சொல்லியாச்சுங்க. இப்ப வந்துடும்."

"வரட்டும். உள்ள ஒருத்தன் கையில ஒரு துணி வச்சிருக்கான். அதாலதான் தட்டத் துடைக்கிறான், அதாலதான் மூக்கையும் துடைக்கிறான். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

மெதுவாகவாவது சொன்னாரா? கடைசி மேஜைவரை கேட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் வாயருகே கொண்டுபோன கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு "உவ்வே" என்றபடி முதல் ஆளாக வெளியே ஓடினாள். சமையல்கட்டிலிருந்து வறுத்த மீன் வந்துகொண்டிருந்தது, அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். தட்டு மேஜைக்கு வருவதற்குள் அவர் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விட்டார்.

அடுத்தது சந்துக்குள் ஒரு கடை. அங்கே கை கழுவுகிற நாடகம்கூட இல்லை, நேராகப் பின்வாசலுக்கே போனார். அரிசி மூட்டை மேல் ஒரு பூனை படுத்திருந்ததாம். சமையல்காரர் அக்குளைச் சொறிந்துவிட்டு அதே கையால் உப்பை அள்ளிப் போட்டாராம். எண்ணெய் தார் மாதிரி கறுத்துப் போயிருந்ததாம்.

"அண்ணன் மட்டும் பாக்கலன்னா நாம அந்த அக்குள் உப்பத்தானே அண்ணி முழுங்கியிருப்போம்!" என்றாள் நாத்தனார், ஏதோ உயிரைக் காப்பாற்றிவிட்ட மாதிரி.

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் கொடுமையே. பொய் என்றால் ஒரு சண்டையாவது போடலாம். அவர் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்து தொலைத்தது.

மூன்றாவது கடையில்தான் விவகாரம் முற்றியது. சட்டி மூடியை அவர் தூக்கிப் பார்த்த தோரணையிலேயே முதலாளிக்கு ஏதோ உறைத்துவிட்டது. கைகட்டிக்கொண்டு கிட்டே வந்து, "சாருக்கு எந்த ஆபீஸ்?" என்று கேட்டார்.

லீவில் வந்த மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? "சும்மா பாத்தேங்க" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். இவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அந்த அட்டைக்கு அந்தக் கடற்கரையில் ஒரு ஈயைக்கூட விரட்டுகிற அதிகாரம் கிடையாது. அது வேறு ஊர், வேறு ஆபீஸ். முதலாளிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஓடினார். சட்டியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்ல சார், கடை லீவு சார்" என்று கும்பிட்டார்.

"அவ்வளவையும் கொட்டிட்டாங்களா?" என்றாள் அவள். பசியில் குரலே எழும்பவில்லை.

"கொட்டட்டும்! பயம் இருக்கணும்" என்று மீசையைத் தடவிக்கொண்டார் அவர்.

பொழுது சாய்வதற்குள் சேதி பரவிவிட்டது. பெரிய ஆபீசிலிருந்து ரகசியமாக ஒருத்தர் குடும்பத்தோடு வந்திருக்கிறாராம், சுற்றுலாக்காரர் மாதிரி வேஷமாம், பொண்டாட்டி பிள்ளைகூட வேஷமாம். சாயங்காலம் நாலு பேரும் கடற்கரைத் தெருவில் நடந்தபோது, அவர்கள் ஒரு கடையை நெருங்க நெருங்க அதன் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. அடுத்த கடை, அதற்கடுத்த கடை. அவர்கள் தாண்டிப் போனதும் பின்னால் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. மகளுக்கு மானம் போயிற்று.

"அப்பா, ப்ளீஸ், நீங்க ரூமுக்குப் போயிடுங்க. நாங்க சாப்பிட்டு வர்றோம்."

"நான் இல்லாம போய் எதத் திம்பீங்க? பாத்தியா, ஒரு பார்வைக்கே எப்படி நடுங்குறானுங்கன்னு!"

அவருக்கு அன்றைக்குத்தான் உண்மையான விடுமுறை. நெஞ்சை நிமிர்த்தி அந்தத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பின்னால் பசி மயக்கத்தில் மூன்று பெண்கள்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு மற்றது புரிந்தது. தங்கியிருந்தது லாட்ஜ் அறை இல்லை, ஒரு சின்ன வீடு. படுக்கையறைக்குப் பக்கத்தில் திரைச்சீலை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் ஜன்னல்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அதை விலக்கினார். அடுப்பு, தொட்டி, கரண்டி மாட்டுகிற கொக்கி. பிறகு தன் பெட்டியைத் திறந்து, குளிக்கிற துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேடை மேல் வைத்தார். அவளுடைய குக்கர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

நாத்தனார் தன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அரிசி, பருப்பு, மிளகாய்ப் பொடி, அழகாகக் கட்டிய உப்புப் பொட்டலம்.

"நான்தான் அண்ணி சொன்னேன், வெளில ஒத்துக்கலன்னா என்ன பண்றதுன்னு. என்ன இருந்தாலும் உங்க கைப்பக்குவம் வருமா?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது! வீட்டில் சம்மதம் என்று தலையாட்டியபோதே இந்தக் குக்கர் துண்டுக்குள் போயிருக்கிறது. சீ! மனுஷ ஜென்மங்களா இதுகள்? அவளுக்கு உள்ளிருந்து ஏதோ புரட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ பேர் சொத்தைப் பல்லைக் கிட்டத்தில் பார்த்தபோதும் வராத புரட்டல் அது.

ஆனாலும் சமைத்தாள். பசி. அவளுடைய பசியும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அரிசியைக் களைந்தாள். குக்கர் விசிலடித்ததும் மூன்று பேர் முகமும் மலர்ந்தன.

"ஆஹா, இதுதான்யா சாப்பாடு" என்றார் இன்ஸ்பெக்டர். சாப்பிடும்போதே, மதியம் பார்த்த சமையல்கட்டின் சாக்கடையில் என்னென்ன மிதந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்தார். குச்சி நுனியில் வந்ததை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்! பிறகு செம்புத் தண்ணீரைத் தட்டிலேயே ஊற்றிக் கை கழுவி, அதிலேயே வாய் கொப்பளித்து, ஒரு ஏப்பம் விட்டு எழுந்து போனார். சோற்றுப் பருக்கையும் எச்சிலும் மிதக்கிற அந்தத் தட்டு மேஜை மேல் கிடந்தது. ஊர் சமையல்கட்டில் ஒரு ஈ எந்தக் காலால் நடந்தது என்று சொல்லத் தெரிந்த கண்ணுக்கு, தன் தட்டு மட்டும் தெரியாது. இத்தனை வருஷமாக அந்தத் தட்டை எடுத்தவள் அவள்தான். அன்றைக்கும் எடுத்தாள். எடுக்கும்போது தண்ணீர் தளும்பிக் கையில் வழிந்தது. அவள் சோப்புப் போட்டுக் கழுவினாள், இன்னொரு தடவை கழுவினாள், அப்படியும் பிசுபிசுப்பு போகவில்லை.

மறுநாள் காலையும் அதே அடுப்பு, அதே தட்டு, அதே ஏப்பம். பத்து மணி வாக்கில் இன்ஸ்பெக்டர் கட்டிலில் மல்லாந்தபடி சொன்னார்.

"மத்தியானத்துக்கு மீன் வாங்கிட்டு வந்துடு. கடல் பக்கத்துல வந்துட்டு மீன் திங்காமப் போனா எப்படி? செவுளத் தூக்கிப் பாத்து வாங்கு."

"செதில நல்லாச் சுரண்டிடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார், நகத்துக்குச் சாயம் பூசியபடி.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மீன் விற்கிற இடம் தெரு முடிவில் இருந்தது. அவள் அதைத் தாண்டி நடந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கடைத்தெரு முடிந்து, படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்த மணல்வெளிக்கு வந்தாள். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு கடை இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே யாரோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் அவளைக் கையைப் பிடித்து இழுத்தது. குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

அடுப்படியில் நின்ற கடைக்காரம்மா திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டாள். நேற்றுத் தெருவில் அவளைப் பார்த்திருக்கிறாள் போல.

"அம்மா, நீங்க அந்த ஆபீசர் கூட வந்தவங்கதானே? கடை இல்லம்மா, மூடியாச்சும்மா. இது எங்க வீட்டுக்கு வறுக்கிறது. எங்கள விட்டுடுங்கம்மா, நான் தனி ஆளு."

"நான் சோதனை பண்ண வரல."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"அந்த ஆளுக்கு இங்க ஒரு அதிகாரமும் கிடையாது. வேற ஊரு. சும்மா அட்டையக் காட்டி மிரட்டிட்டுத் திரியறாரு. நான் அவரு பொண்டாட்டி." அவள் கையிலிருந்த காலிப் பையைக் காட்டினாள். "லீவுக்குன்னு கூட்டிட்டு வந்து, பெட்டிக்குள்ள குக்கர ஒளிச்சு எடுத்துட்டு வந்து, இங்கயும் என்ன ஆக்க வச்சிட்டாங்க. நேத்துலேருந்து ஆக்கிப் போட்டுட்டுத்தான் வர்றேன். எனக்கு அடுத்தவங்க ஆக்கின சோறு வேணும். ஒரு வேளை போடுங்க, போதும்."

கடைக்காரம்மா கரண்டியை அடுப்போரம் வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"பெட்டிக்குள்ளயா?"

"துண்டுல சுத்தி."

"கட்டையில போறவனுங்க" என்றாள் கடைக்காரம்மா. "உக்காருங்க."

உட்கார்ந்த பிறகுதான் அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். மேஜை ஒட்டியது. முழங்கையை வைத்து எடுத்தால் தோலோடு வந்துவிடும் போலிருந்தது. தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் பச்சை படர்ந்திருந்தது. மீன் கழுவிய வாளியில் செதிலும் ரத்தமும் அப்படியே நின்றன. சுவரோரமாக ஒரு கரப்பான் நிதானமாக நடந்து போனது. கடைக்காரம்மா தட்டைக் கொண்டுவந்தபோது கட்டைவிரல் குழம்பில் நனைந்திருந்தது. ஒன்று விடாமல் அத்தனையும் அவள் கண்ணில் பட்டது, வரிசையாக, அவர் சொல்கிற அதே வரிசையில். அடப்பாவி! இத்தனை வருஷம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அவருடைய கண்ணை இவள் முகத்தில் பொருத்திவிட்டிருக்கிறாரே! வாளியையும் கரப்பானையும்விட அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத அருவருப்பாக இருந்தது. யாருடைய எச்சிலையோ தெரியாமல் விழுங்கிவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

உப்பு ஒரு கல் கூட. மிளகாய் தூக்கல். அவளாக இருந்தால் புளிப்பைக் கொஞ்சம் குறைத்திருப்பாள். ஆனால் அது அவள் இல்லை. உப்பு கூடிப் போனதற்கு அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கவளம் உள்ளே இறங்க இறங்க அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. மிளகாயாலும் இருக்கலாம். அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். கடைக்காரம்மா எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள்.

பாதித் தட்டு காலியாகியிருக்கும். ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. தொந்தியோடு குனிய முடியாமல் குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னால் மகள்.

"மீன் வாங்கப் போனவ எங்க போனான்னு ஊர் பூரா தேடறோம்! இங்க என்னடி பண்ற?"

"சாப்பிடறேன்."

"இங்கயா?" அவருடைய கண் வேலையை ஆரம்பித்துவிட்டது. வாளி, குடம், கரப்பான். "அய்யே, கர்மம்! எந்திரி. எந்திரிங்கறேன்ல!"

கடைக்காரம்மா சட்டென்று எழுந்து நின்றாள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. தட்டில் குழம்பை இன்னும் கொஞ்சம் பிசைந்தாள். பிசைந்த விரலில் ஏதோ சுற்றிக்கொண்டது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழ நீளத்துக்கு ஒரு முடி.

"பாத்தியா! பாத்தியா! முடி!" இன்ஸ்பெக்டர் கிட்டத்தட்டக் குதித்தார். "சோத்துல முடிடி!"

"அய்யோ, அம்மா, தட்ட மாத்தித் தர்றேம்மா, தெரியாம விழுந்திருக்கும்மா" என்று கடைக்காரம்மா தலைத்துணியை இறுக்கிக்கொண்டு பதறினாள்.

அவள் முடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வீட்டில் சோற்றில் முடி வந்தால் அவர் இப்படித்தான் தூக்கிப் பிடிப்பார். மூன்று பேர் கண்ணும் அவள் தலைக்குப் போகும். யார் தலையிலிருந்து விழுந்திருந்தாலும் சரி, அது அவள் முடிதான். அவள் தலை குனிந்து அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு சோறு போட்டு வருவாள். அத்தனை வருஷமும் அப்படித்தான். இது பழுப்பு நிறம். சுருட்டை. நீளம். அவள் தலையில் இருப்பது நரையும் கறுப்புமாய்க் குச்சி முடி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், வாயில் சோற்றோடு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்னடி சிரிக்கற? முடிங்கறேன்!"

"ஆமாங்க" என்றாள் அவள். "என்னோடது இல்ல."

முடியை வழித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கடைக்காரம்மாவிடம் தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."